கோசாபாவில் மூன்று இரவுகள்: சாத்ஜேலியா தீவில் ஒரு கிராமத்து விருந்தினர் இல்லம்

மேற்கு வங்கத்துச் சுந்தரவனத்துக்குச் செல்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோசாபா என்பது வழியில் வரும் ஒரு படகுத்துறை மட்டுமே. கட்காலியில் படகேறி, ஹாமில்டன் மாளிகை முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சஜ்னேகாலிக் காட்டுப் பக்கம் புலியைத் தேடிவிட்டு, மறுநாள் மாலை கொல்கத்தா திரும்பிவிடுகிறார்கள். சென்ற ஜனவரியில் நாங்கள் நால்வர் சாத்ஜேலியா தீவில் ஒரு குடும்பம் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் மூன்று இரவுகள் தங்கினோம். காட்டைவிட, காட்டின் ஓரத்தில் மனிதர்கள் வாழும் ஊர்களைக் காட்டுவதே தங்கள் வேலை என்று முன்பதிவின்போதே சொல்லியிருந்தார்கள். ஒரு குறையைத் தவிர, சொன்னபடியே நடந்துகொண்டார்கள்.

சியால்தாவிலிருந்து மின்ரயிலில் கேனிங் வரை வந்து, அங்கிருந்து சாலை வழியாகக் கட்காலி, பிறகு படகில் கோசாபா, தீவைக் குறுக்காகக் கடக்க மின்கல ரிக்‌ஷா, மீண்டும் ஒரு படகு என்று பயணம் முக்கால் பகலை எடுத்துக்கொள்கிறது. இதில் இல்லத்தார் மீது எனக்கு வருத்தம் உண்டு. நாங்கள் இரண்டாவது துறைக்கு வந்தபோது ஆறு வற்றிக் கிடந்தது. துறைப் படிகள் முடிந்த இடத்திலிருந்து படகு வரை முழங்கால் அளவு சேற்றில் பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எங்களுடன் வந்த அறுபத்தெட்டு வயது அத்தைக்கு அது பெரும் சிரமம். நாளுக்கு இரு முறை நீர் ஏறி இறங்கும் ஊரில், எந்த நேரத்தில் வந்தால் துறையில் தண்ணீர் இருக்கும் என்பதை விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

வீடு எளிமையானது. மண்சுவர் அறைகள் இரண்டு, கொசுவலை, வெளியே சுத்தமான கழிப்பறை. குடிப்பதற்கு ஆழ்துளைக் குழாயின் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. குளிப்பதற்குக் குளத்து நீர்தான், அதில் இலேசாக உப்புக் கரிக்கும். சமையலை வீட்டுக்கார அம்மாள் கவனிக்கிறார். ஊர் வழக்கப்படி நாங்கள் அவரை ‘பௌதி’ (அண்ணி) என்றே அழைத்தோம். காலையில் புதிய பேரீச்ச வெல்லத்துடன் பொரி, மதியம் சோறும் பருப்பும் கடுகு அரைத்துவிட்ட மீன்குழம்பும், ஒரு நாள் இரவு நண்டு. ஒரு வேளைகூடச் சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

இந்த இல்லத்தின் உண்மையான மதிப்பு காலை நடைகளில் இருக்கிறது. பௌதியின் கணவர் முன்பு கிராமப் பஞ்சாயத்து உறுப்பினராக இருந்தவர். கோசாபா என்பது ஊருக்கும் தீவுக்கும் மட்டுமல்லாமல், தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் பதினான்கு கிராமப் பஞ்சாயத்துகள் அடங்கிய ஒரு வட்டாரத்துக்கும் பெயர் என்பதை அவர் விளக்கத்தில்தான் நான் தெளிவாக உணர்ந்தேன். ராங்காபேலியா, லாகிரிபூர், குமிர்மாரி, சோட்டா மொல்லாகாலி, பாலி என்று அவர் விரல்விட்டு எண்ணும்போது, ஒவ்வொன்றுக்கும் இடையில் எந்த ஆற்றை எந்தத் துறையில் கடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வார். 2011 கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 2 லட்சத்து 46 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பவுண்ட்ர, நாமசூத்திர சமூகத்தினர் உள்ளிட்ட பட்டியல் சாதியினரே பெரும்பான்மை. பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகப் பழங்குடியினர். முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அந்தப் பழங்குடியினரில் முண்டாக்களின் முன்னோர் காடு வெட்டுவதற்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள்.

ஸ்காட்லாந்து வணிகரான டேனியல் ஹாமில்டன் 1903இல் இந்தத் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்து, நிலமற்றவர்களைக் குடியேற்றி, வட்டிக்காரர்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை நிறுவினார். 1936இல் அவர் வெளியிட்ட ஒரு ரூபாய்த் தாளுக்குக் கூட்டுறவுப் பண்டகத்தில் அரிசி, துணி, எண்ணெய் போன்றவற்றை வாங்கிக்கொள்ளலாம். 1932 டிசம்பரில் தாகூர் இங்கு வந்து தங்கியிருக்கிறார். இந்தச் செய்திகள் எல்லா வழிகாட்டிகளுக்கும் தெரியும். ஆனால் இந்த மனிதர் அந்தக் கதையைக் கரையின் மேல் நின்று சொல்கிறார். வண்டல் படிந்து நிலம் தானாக உயர்வதற்கு முன்பே மண்கரை எழுப்பிக் குடியேறிவிட்டதால், ஏற்றத்தின்போது ஆற்று நீர் வயலைவிட உயரத்தில் நிற்கிறது. அவர் சொன்னபடி கீழே முற்றத்தில் இறங்கி நின்று பார்த்தேன். ஒரு சரக்குப் படகு, என் கண் மட்டத்துக்கும் மேலே, தென்னை மரங்களுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்தைப் பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது புரியாது.

2009 மே 25ஆம் தேதி ஐலா புயலில் அந்தக் கரை உடைந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தை ஒரு கரிக்கோடாக வைத்திருக்கிறார்கள். அது என் மார்பளவு இருந்தது. உப்பேறிய வயல்கள் தேற ஆண்டுகள் ஆயின, இளைஞர்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். கடைத்தெருவில் தேநீர் ஊற்றிய பையன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “அண்ணே, சர்க்கரை கம்மியா போடவா?” என்று தமிழில் கேட்டான். திருப்பூரில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். அத்தை அவனை விட்டு நகரவே அரை மணி ஆயிற்று.

நான் கண்டிக்க விரும்புவது இரண்டாம் நாள் மாலை நிகழ்ச்சியை. முண்டாப் பெண்களை வரிசையாக நிறுத்தி ஜுமுர் ஆட வைத்தார்கள்; தொடர்ந்து, காட்டின் காவல் தெய்வமான போன்பீபியின் நாடகத்தை அரை மணியாகச் சுருக்கி நடித்துக் காட்டினார்கள். பகல் முழுதும் வயலில் நின்றுவிட்டு வந்த பெண்கள் அவர்கள். ஒரு சமூகத்தை மாலை வேளைக்கான காட்சியாக ஆக்குவது, காலையில் அந்த மனிதர் அத்தனை அக்கறையோடு சொல்லித்தந்ததற்கு நேர்மாறானது. இதை அவரிடமே சொன்னேன். கொல்கத்தா விருந்தினர்கள் கேட்பதாகவும், அந்தப் பெண்களுக்கு அதில் வருமானம் உண்டென்றும் சொன்னார். வருமானம் என்பது சரியான பதில்தான் என்பதை ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் பெண்களில் ஒருவர் தம் ஊரைத் தாமே சுற்றிக்காட்டி அதே பணத்தைப் பெற்றால் எவ்வளவோ மேல்.

மறுநாள், தை பிறந்த வேளையில், காட்டோரத்தில் நடந்த உண்மையான போன்பீபி பூசைக்கும் அவரே எங்களை அழைத்துப் போனார். அரேபியாவிலிருந்து வந்த பக்கீரின் மகள் என்று சொல்லப்படும் இந்தக் காவல் தெய்வத்தை, காட்டுக்குள் போகும் இந்துவும் முஸ்லிமும் ஒருசேர வணங்குகிறார்கள். ஒரு மூதாட்டி மடியில் வைத்து வாசித்த, போன்பீபி கதையைச் சொல்லும் ஜஹுராநாமா என்ற நூல் வங்க எழுத்தில் இருந்தபோதிலும், அரபு நூல்களைப் போல வலமிருந்து இடமாகப் பக்கம் புரண்டது. தேனெடுப்பவரான அவருடைய கணவர் புலியிடம் சிக்கி இறந்தவர் என்று பிறகு அறிந்தோம். அங்கு யாரும் எங்களுக்காக எதையும் சுருக்கவில்லை.

புலியைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த இல்லம் ஏற்றதல்ல. மற்றவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் மூன்று இரவுகளாவது ஒதுக்கிப் போகலாம். துறையில் நீர் நிற்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது அவசியம். மே இருபதுக்குப் பிறகு அவர்கள் முன்பதிவு ஏற்பதில்லை. ஐலாவுக்குப் பின் 2020இல் ஆம்பன் மே 20ஆம் தேதியும், 2021இல் யாஸ் மே 26ஆம் தேதியும் வந்தன; அந்த நாள்களில் வீட்டு ஆண்கள் இரவில் கரைக் காவலுக்குப் போய்விடுகிறார்கள்.