கனத்த ஒற்றைப் பூச்சா, மெல்லிய பல பூச்சா? கம் பிரின்டில் நிறமியின் அளவு

கம் பைக்ரோமேட் என்பது, பிசினில் நிறமியும் டைக்ரோமேட் உப்பும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவ் வழியே ஒளி காட்டித் தண்ணீரில் கழுவிப் படம் எடுக்கும் பழைய முறை. அதில் பிரின்ட் போடத் தொடங்கினால் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்து நிற்கும். பிசினில் நிறமியைத் தாராளமாகக் கலந்து ஒரே பூச்சில் முடிப்பதா, கொஞ்சமாகக் கலந்து இரண்டு மூன்று பூச்சு ஏற்றுவதா? இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு நான் மெல்லிய பூச்சுக்கே வந்து சேர்ந்தேன்.

கனத்த பூச்சின் வசதிகள் தெரிந்தவைதான். வேலை ஒரே நாளில் முடியும். நெகட்டிவை மறுபடி அதே இடத்தில் பொருத்தும் பாடு இல்லை. கறுப்பு முதல் பூச்சிலேயே ஆழமாக விழும். இலையுதிர்ந்த கிளைகள், நிழலுருவங்கள் போன்ற கான்ட்ராஸ்ட் மிகுந்த படங்களுக்கு அதுதான் பொருத்தம்.

சிக்கலெல்லாம் ஹைலைட்டில், அதாவது படத்தின் வெளிர்ந்த பகுதிகளில்தான். டைக்ரோமேட் கலந்த பிசின், புறஊதா ஒளி பட்ட இடத்தில் இறுகித் தண்ணீரில் கரையாமல் நிற்கிறது. ஒளி மேலிருந்து வருவதால் இறுக்கமும் மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். நிறமி கூடக்கூட, வரும் ஒளியை அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. ஷேடோ என்னும் இருண்ட பகுதிக்கு நெகட்டிவ் ஒளியை மிகுதியாக விடுவதால் இறுக்கம் தாள்வரை போய்ச் சேரும். ஹைலைட்டுக்கு வருவதே சொற்ப ஒளி. அது மேல்தோலை மட்டும் இறுக்கிவிட்டு ஓய்ந்துவிடும். தண்ணீரில் போட்டதும் அடியிலுள்ள பிசின் கரைய, மேல்தோல் பிடிமானமில்லாமல் கழன்றுவிடும். பிரின்டைக் கவிழ்த்து மிதக்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: கன்னத்தின் மெல்லிய சாயல் புகையாக இழைந்து தட்டின் அடிக்கு இறங்கும். முகத்தில் மிஞ்சுவது வெறும் தாள். எக்ஸ்போஷரைக் கூட்டினால் கன்னம் ஒட்டும், ஆனால் தலைமுடி முழுக்க ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.

படிப்படியாக அடர்த்தி கூடும் சோதனைப் படலமான 21 படி ஸ்டெப் டேப்லெட்டில், படிக்கு அரை ஸ்டாப் என்ற கணக்கில் (இரண்டு படிக்கு ஒளி பாதியாகும்), இது பளிச்சென்று தெரியும். லேம்ப் பிளாக் என்ற கறுப்பு நிறமியைக் கனமாகக் கலந்தால் என் கையில் ஐந்தாறு படிக்குள் கறுப்பிலிருந்து வெள்ளைக்குத் தாவிவிடுகிறது. அதையே நன்றாக மெலித்தால் எட்டு ஒன்பது படிவரை பிரிகிறது. விலை என்னவென்றால், மிக இருண்ட படியும் சாம்பல்தான். அந்தக் குறையை அடுத்த பூச்சு தீர்க்கும். முதலில் மெல்லிய பூச்சுக்கு நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்து ஹைலைட்டைப் பிடித்துவிடலாம். பிறகு சற்றே கனத்த பூச்சுக்குக் குறைந்த எக்ஸ்போஷர் கொடுத்தால் ஷேடோ மட்டும் ஆழமாகும். 1890களின் பிற்பகுதியில் வியன்னா கேமரா கிளப்பைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர்கள் ஹைன்ரிக் குன், ஹென்னபெர்க், வாட்செக் மூவரும் பல பூச்சுக்குப் போனதன் பலனும் இந்த நீண்ட டோன் வரிசைதான்.

உழைப்பு கூடும் என்பதை மறைக்க முடியாது. தாளை முன்பே வெந்நீரில் ஊறவைத்துச் சுருக்கிக்கொள்ளாவிட்டால் இரண்டாம் பூச்சில் கோடுகள் இரட்டையாகத் தெரியும். பூசிய தாள் இருட்டில் இருந்தாலும் தானாக இறுகிக்கொண்டே போகும், ஈரப்பதத்தில் இன்னும் வேகமாக; அதனால் ஒவ்வொரு பூச்சும் அன்றன்றைக்கே. டைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நச்சு, பூச்சு கூடினால் அதைக் கையாளும் தடவையும் கூடும். கையுறையை எந்தப் பூச்சிலும் விட்டுவிடக் கூடாது.

கழுவியும் போகாமல் தாளில் ஏறிக்கொள்ளும் நிறமிக் கறையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பூசி, ஒளி காட்டாமல் கழுவிப் பார்த்து, கறை படியாத உச்ச அளவே சரியான அளவு என்று கொள்ளும் பழைய முறை ஒன்று உண்டு. அந்தச் சோதனை நிறமிக்கும் தாளின் சைசிங்குக்கும் (நிறமி ஊறாதபடி தாளுக்குக் கொடுக்கும் அடிப்பூச்சு) உள்ள உறவைச் சொல்லும். டோன் எத்தனை படி பிரியும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

நான் சொல்வது பெரும்பாலும் லேம்ப் பிளாக், பர்ன்ட் அம்பர் இரண்டையும் வைத்துத்தான். மூவண்ண பிரின்டில் ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு மெலிக்கலாம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நான் செய்ததில்லை. ஒரே பெயர் போட்ட வாட்டர்கலர் டியூபுகளிலும் நிறமியின் செறிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டியூபை மாற்றினால் பழைய கிராம் கணக்கை நம்பாமல் ஸ்டெப் டேப்லெட்டை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.