பிறந்த வீட்டை மட்டும் சொல்லும் எண்: நெட்வொர்க் கண்டறியும் தளம் ஒன்றைப் பயன்படுத்திய அனுபவம்

கைப்பேசி எண்ணின் தொடக்க இலக்கங்களைக் கொடுத்தால், அது எந்த நிறுவனத்தின் எண், எந்த வட்டத்தை (பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான தொலைபேசிச் சேவைப் பகுதி) சேர்ந்தது என்று சொல்லும் இணையதளங்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்றை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்தி வந்தேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லவிருக்கும் குறை அந்தத் தளத்துக்கு மட்டும் உரியதன்று. இவ்வகைத் தளங்கள் நம்பியிருக்கும் பட்டியலிலேயே அது இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பக்கம் விரைவாகத் திறக்கிறது, பதிவு செய்யச் சொல்லித் தொந்தரவு செய்வதில்லை. முதல் ஐந்து இலக்கங்கள் மட்டும் போதும் என்பது இதன் பெரிய சிறப்பு. பத்து இலக்கங்களையும் கேட்கும் தளங்களுக்கு அடுத்தவருடைய எண்ணை நாம் ஏன் கொடுக்க வேண்டும்? நான்கு இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும் தளங்களைவிடவும் இது மேல். நான்கு இலக்கத் தொடர் ஒன்றில் பத்து லட்சம் எண்கள் அடங்கும்; ஐந்து இலக்கத் தொடரில் ஒரு லட்சம்தான். 7, 8, 6 என்று தொடங்கும் எண்கள் வந்த பிறகு, ஒரே நான்கு இலக்கத் தொடரை ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு.

சிக்கல் விடையில்தான் இருக்கிறது. திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தையின் எண் 9443 என்று தொடங்கும். அன்றிரவோடு அவருடைய திட்டம் முடிகிறது என்று தெரிந்ததும், தளத்தில் தொடக்க இலக்கங்களைக் கொடுத்துப் பார்த்தேன். ‘நெட்வொர்க்: பி.எஸ்.என்.எல்., வட்டம்: தமிழ்நாடு’ என்று பச்சை எழுத்தில் வந்தது. அதை நம்பி ஒரு செயலியில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து ரீசார்ஜ் செய்தேன். பணம் கணக்கிலிருந்து போனது, ரீசார்ஜ் ஆகவில்லை. அத்தையை அழைத்துக் கேட்டபோது, “அது மாத்தி மூணு வருசமாச்சே” என்றார். பணம் திரும்பி வர மூன்று நாட்கள் ஆயின.

அத்தை எண்ணை மாற்றவில்லை, நிறுவனத்தைத்தான் மாற்றியிருந்தார். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் இந்த ‘போர்ட்’ வசதி இந்தியாவில் 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்போது ஒரே வட்டத்துக்குள் மட்டுமே நிறுவனம் மாற முடிந்தது. 2015 ஜூலையிலிருந்து வட்டம் விட்டு வட்டமும் எண்ணைக் கொண்டு போகலாம். ஆகவே முதல் இலக்கங்கள் ஓர் எண்ணின் பிறந்த வீட்டைச் சொல்லும், புகுந்த வீட்டைச் சொல்லா.

போர்ட் செய்யும் வசதி வருவதற்கு முன்பும் இந்த இலக்கங்கள் கைமாறிக்கொண்டுதான் இருந்தன. சென்னையில் 9840 என்றால் முதலில் ஸ்கைசெல், பிறகு ஏர்டெல். 9841 ஆர்.பி.ஜி.யிடமிருந்து ஏர்செல்லுக்குப் போனது. சென்னைக்கு வெளியே 9843 தொடர் பி.பி.எல்., ஹட்ச், வோடபோன் என்று பெயர் மாறி இன்று வி.ஐ. (வோடபோன் ஐடியா) ஆகியிருக்கிறது, நான் பயன்படுத்திய தளமோ இன்னும் வோடபோனிலேயே நிற்கிறது. இவற்றிலெல்லாம் என்னை மிகவும் வருத்தியது 9842தான். அது என் தந்தையின் எண். தளம் அதற்கு ‘ஏர்செல்’ என்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு சிம்மாவது இருந்த அந்த நிறுவனம் 2018இல் திவாலாகிச் சேவையை நிறுத்தியது. அப்போது வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான போர்ட் குறியீட்டுக்காக என் தந்தை இரண்டு நாட்கள் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இல்லாத ஒரு நிறுவனத்தை இன்றைய நெட்வொர்க் என்று காட்டும் பட்டியலை எவரும் திருத்தவில்லை என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் அழைப்புகள் மட்டும் எப்படிச் சரியான இடத்துக்குப் போகின்றன? நாம் ஓர் எண்ணை அழுத்தியதும், நம் நிறுவனம் போர்ட் ஆன எண்களின் தரவுத்தளத்தைப் பார்த்து, அந்த எண் இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் வழிக்குறியீட்டை முன்னால் சேர்த்து அழைப்பை அனுப்புகிறது. அந்தத் தரவுத்தளம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருப்பதில்லை. இலவசத் தளங்கள் பழைய ஒதுக்கீட்டுப் பட்டியலையே திரும்பத் திரும்பப் படியெடுத்துப் போடுவதற்கு இதுவே காரணம். என் தொலைபேசிப் புத்தகத்தில், உரியவர்களிடமே கேட்டு உறுதிசெய்த பன்னிரண்டு எண்களை இட்டுப் பார்த்தேன். ஐந்துக்கு மட்டுமே சரியான விடை கிடைத்தது.

ரீசார்ஜ் செய்ய வேண்டுமென்றால், எந்த நிறுவனம் என்று நினைக்கிறீர்களோ அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ எண்ணை இட்டுப் பாருங்கள்; தங்கள் வாடிக்கையாளர் இல்லையென்றால் பணம் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். உங்கள் சொந்த எண்ணுக்கு இந்தச் சேவையே தேவையில்லை, கைப்பேசித் திரையிலேயே பெயர் இருக்கிறது.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும், அழைத்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அறிய இத்தளத்தைத் தேடி வருபவர்கள் பலர். அவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தளம் காட்டுவது அந்த எண் முதலில் ஒதுக்கப்பட்ட வட்டத்தைத்தான். தமிழ்நாட்டு எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் தில்லியிலிருந்தும் பேசலாம். ‘தமிழ்நாடு’ என்று வந்துவிட்டதாலேயே, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரை நம்பிவிடக் கூடாது. முன்னிலக்கங்களைப் பார்த்து ஓரளவு பயன் பெறும் இடம் வேறு: 140 என்று தொடங்குவது விளம்பர அழைப்புகளுக்கும், 1600 என்று தொடங்குவது வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. இந்தத் தளத்தில் அவ்விரண்டையும் இட்டால் ‘தவறான எண்’ என்று வருகிறது. மக்களுக்கு உண்மையில் உதவக்கூடிய தகவலே அங்கே இல்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். ‘நெட்வொர்க்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘முதலில் ஒதுக்கப்பட்ட நிறுவனம்’ என்று போடுமாறும், போர்ட் ஆகியிருக்கலாம் என்ற ஒரு வரியை விடைக்குக் கீழே சேர்க்குமாறும் தளத்தாருக்கு எழுதியிருக்கிறேன். அதைச் செய்தால், பழைய ஒதுக்கீட்டை அறிய உதவும் நல்ல அகராதி என்று இதையே மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பேன். இதுவரை பதில் வரவில்லை.