தம்பியோட வலிக்கு நாங்க போன பாலியேட்டிவ் ஓ.பி: 5-க்கு 4 ஸ்டார்

தம்பிக்கு 19 வயசு. பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்போ முட்டிக்கு மேல ஆஸ்டியோசார்கோமான்னு கண்டுபிடிச்சாங்க, எலும்புல வர்ற கேன்சர். கீமோ ஓடிட்டிருக்கும்போதே வலி தாங்க முடியாமப் போச்சு. அப்போ பாத்துட்டிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரில டிரமடால்ங்கிற வலி மாத்திரையத் தாண்டி எதுவும் தரல, அதவிட வலுவான மார்ஃபின் பத்திக் கேட்டதுக்கு சின்னப் பையன், பழக்கமாயிடும்னுட்டாங்க, நாங்களும் நம்பிட்டோம். அந்த ரெண்டு மாசத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. ராத்திரி டேபிள் ஃபேன கால் பக்கமா திருப்பி வெச்சு தலகாணியக் கடிச்சுட்டுப் படுத்திருப்பான், அம்மா எந்திரிச்சுக் கேட்டா "ஒண்ணுமில்லமா, நீ தூங்கு"ம்பான்.

கீமோ வார்டுல பக்கத்து பெட் அக்கா சொல்லித்தான் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில இந்த மாதிரி வலியக் குறைக்கிறதுக்குன்னு பாலியேட்டிவ் ஓ.பி-ன்னு தனியா ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது. அப்பா வரவே மாட்டேன்னாரு, பாலியேட்டிவ்னா கைவிட்டாச்சுன்னுதான அர்த்தம்னு ஒரே அழுகை. அப்படி இல்லவே இல்லங்க, கீமோ ஒரு பக்கம் போயிட்டே இருக்கும், இவங்க வலியையும் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாப்பாங்க, வலி ஆரம்பிக்கிற அன்னிக்கே போயிருக்கணும்.

முதல் நாள் அங்க இருந்த நர்ஸ் சிஸ்டர் எங்ககிட்ட பேசவே இல்ல, நேரா அவன்கிட்டதான் கேட்டாங்க. குத்துதா, எரியுதா, ஷாக் அடிக்குதா, 10-க்கு எத்தன மார்க் போடுவன்னு. அம்மாவப் பாத்துட்டு "4"ன்னான். சிஸ்டர் உடனே "அம்மா, நீங்க போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டு திரும்பக் கேட்டாங்க, "9"ன்னு சொல்லிட்டு உடைஞ்சு அழுதான், நான் கதவோரத்துல நின்னுட்டிருந்தேன். எங்களக் காப்பாத்தத்தான் அத்தன நாளும் பொய் சொல்லிருக்கான். இந்த வயசுப் பசங்ககிட்ட தனியாப் பேசணும்னு அந்த சிஸ்டருக்குத் தெரிஞ்சிருந்துச்சே, அதுக்கே கோடி புண்ணியம்.

மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை, காலைல 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. கடைசி வேளைக்கு மட்டும் ரெண்டு மாத்திரை, நடுராத்திரி எழுப்ப வேணாம்னு. வலி வந்தப்புறம் போடாதீங்க, வர்றதுக்கு முன்னாடியே கடிகாரத்தப் பாத்துப் போடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னாங்க. நடுவுல திடீர்னு வலிச்சா போட தனி டோஸ். ஷாக் மாதிரி அடிக்கிற நரம்பு வலிக்கு கேபாபென்டின். மலச்சிக்கல் கண்டிப்பா வரும்னு அதுக்கான சிரப்பும் அன்னிக்கே கையில. முதல் மூணு நாள் குமட்டலும் தூக்கமுமா இருந்தான், அப்புறம் தானா சரியாச்சு. டாக்டர் சொல்ற அளவுல வலிக்குப் போடுறது போதைப் பழக்கம் இல்லன்னு அப்பாவ உக்கார வெச்சுப் பொறுமையா சொன்னாங்க. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்துதான் பல இடத்துல இந்த மாத்திரைய வாங்கி வெக்கிறதே இல்லையாம், 2014-ல சட்டத்தத் திருத்தி, மாநில மருந்து கட்டுப்பாட்டு அதிகாரியோட அங்கீகாரம் இருந்தா ஆஸ்பத்திரி வெச்சுக்கலாம்னு ஆக்கியாச்சு. எங்களுக்கு ஒரு பைசா செலவில்ல.

நாலாவது நாள் ராத்திரி முழுசா தூங்கினான். காலைல எந்திரிச்சு பசிக்குதுன்னு நாலு இட்லி சாப்ட்டான், அம்மா அஞ்சாவது வெக்கப் போனப்போ கை நடுங்குச்சு.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்குக் காரணம் இருக்கு. வாரத்துல ரெண்டு நாள்தான் ஓ.பி, ராத்திரி வலி ஏறினா ஃபோன் பண்ண நம்பர் கிடையாது. எல்லாரும் வயசானவங்க, அவங்க நடுவுல பெஞ்சுல 19 வயசுப் பையன் ஹூடிய இழுத்து விட்டுட்டு உக்காந்திருக்கிறதப் பாக்க மனசு தாங்கல, இவனுங்களுக்குன்னு ஒரு ஓரமாவது ஒதுக்கலாம். நடக்க முடியாதவங்களுக்கு தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலமா வீட்டுக்கே பாலியேட்டிவ் நர்ஸ் வருவாங்க, 2021-ல இருந்து இருக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுத்து வைங்க.

போறப்போ கீமோ ஃபைலோட காலி மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு அதப் பாத்துட்டுத்தான் அடுத்தது தந்தாங்க. வலிக்கு மார்க் போட தம்பி டிராயிங் நோட்டோட கடைசிப் பக்கத்த வெச்சிருக்கான். நேத்து ராத்திரிக்கு 2 போட்டிருந்தான்.