டெக்ஸாவா, ஏற்கெனவே எடுத்த சி.ரி. ஸ்கானா?

கோண்டாவிலில் இருக்கும் பெரியம்மாவுக்கு நாரி நோவு. சிறுநீரகக் கல் பார்க்க எடுத்த சி.ரி. ஸ்கான் படம் அலுமாரியில் கிடக்கிறது. எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று அறிய இனி டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கானும் எடுக்க வேண்டுமா என்று கேட்டார்.

எலும்பு அடர்த்திக்கென்றே வந்தது டெக்ஸா. கதிர்வீச்சு மிகக் குறைவு. இளவயது எலும்போடு ஒப்பிட்டு வரும் ரி-ஸ்கோர் என்ற எண் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புத் தேய்வு நோய். மருந்து தொடங்க வைத்தியர்கள் வழக்கமாகப் பார்ப்பதும் இந்த எண்ணைத்தான். ஆனால் வயதானவர்களின் முள்ளந்தண்டில் வளர்ந்த எலும்பு முனைகளும் இரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும் சேர்ந்து, அடர்த்தியைக் கூட்டிக் காட்டிவிடும். 'நோர்மல்' என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடுவோம்!

சி.ரி.யில் அந்தச் சிக்கல் குறைவு. நாரிப் பகுதியின் முதல் முள்ளெலும்புக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பகுதியை மட்டும் அளக்கலாம். அளவு, சி.ரி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் வரும்: 160க்கு மேல் என்றால் பெரும்பாலும் பயமில்லை, 110க்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். நோவில்லாமல் நசிந்துபோன முள்ளெலும்பும் அதே படத்தில் தெரியலாம். படம் தெளிவாகத் தெரிய ஊசிமருந்து ஏற்றி எடுத்ததென்றால் எண் சற்றுக் கூடும், அதைக் கவனிக்க வேண்டும்.

சரி, எலும்புக்காக மட்டும் புதிதாக சி.ரி. எடுக்கலாமா? வேண்டாம், கதிர்வீச்சு டெக்ஸாவைவிடப் பல மடங்கு. பெரியம்மாவுக்கு நான் சொன்னது: கையிலிருக்கும் படத்தைக் காட்டி, "எலும்பையும் ஒருக்கால் பாருங்கோ டொக்டர்" என்று கேளுங்கோ. எண் குறைவாக இருந்தால் டெக்ஸாவுக்குப் போகலாம்.