நாலு வருடம் ஓடிய வாஷிங் மெஷினும் அதன் கையேட்டில் இருக்கும் ஒரு பட்டியலும்

"உன் மெஷினையே நானும் வாங்கலாமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். ரிப்பேர் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, அதனால் பதில் கொஞ்சம் காரமாகவே வந்தது.

முன்பக்கம் கதவு வைத்த மெஷின். துவைப்பதில் ஒரு குறையும் இல்லை. வேகமாகச் சுற்றும்போதும் ஆட்டம் இல்லை, கதவு ரப்பர் இன்னும் கிழியவில்லை. என் கோபம் முழுவதும் கையேட்டின் ஒரே ஒரு பக்கத்தின் மேல்: கீழே இருக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்லும் பக்கம்.

ஏழு வரிகள், ஏழுக்கும் முன்னால் வெறும் புள்ளி. மூன்றாவது வரி, மூடியை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றச் சொல்கிறது. ஆறாவது வரியில்தான், கழற்றும் முன் பக்கத்திலுள்ள சிறு குழாய் வழியாகத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருக்கவும் என்று வருகிறது. படித்துக்கொண்டே செய்பவர்கள்தான் எல்லோரும், நானும் அப்படித்தான் செய்தேன், முதல் வருடமே தரையெல்லாம் தண்ணீர். அன்று பச்சைத்தண்ணீர். 60 டிகிரியில் துவைத்து முடித்த கையோடு திறந்திருந்தால் கை வெந்திருக்கும்.

தமிழில் இந்தத் தப்பு நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகு மூடியைக் கழற்றவும்" என்று எழுதினால் நிபந்தனை தானாகவே முன்னால் வந்து நிற்கும், வினை கடைசியில் வரும். நம் மொழியே ஒழுங்காகக் கொடுக்கிற வரிசையைக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் வினைமுடிவுகள்: ஒரு வரியில் "கழற்றவும்", அடுத்ததில் "அகற்றுதல்", அதற்கடுத்து "துடைக்க வேண்டும்". "நூல் துணுக்குகளை அகற்றுதல்" என்பது நான் செய்யவேண்டிய வேலையா, கீழே வருவதற்குத் தலைப்பா? ஒரே பொருளுக்கு வடிகட்டி, ஃபில்டர், பம்ப் மூடி என்று மூன்று பெயர் வேறு, மூன்று பாகம் இருக்கிறதோ என்று தேடியிருக்கிறேன்.

இப்போதைய ரிப்பேருக்குக் காரணம் ஏழாவது வரி. "4-ஆம் படியில் கூறியபடி மூடியை இறுக்கவும்." எண்ணே போடாத பட்டியலில் நாலாம் படி எது? விரலை வைத்து எண்ணினால் நாலாவது புள்ளி நூல் துணுக்கைப் பற்றியது. சரி என்று கைக்கு வந்தபடி இறுக்கினேன், மரை கோணலாக ஏறிவிட்டது, பல நாள் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் மூடியையும் வாஷரையும் மாற்றிவிட்டு, "நிறைய வீட்ல இதே கதைதான் சார்" என்றார். நிறைய வீட்டில் இதே தப்பு என்றால் தப்பு வீட்டுக்காரர்களுடையது இல்லை.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத வித்தையும் இல்லை. வரிசையாகச் செய்யவேண்டியதற்கு எண், வரிசை முக்கியமில்லாததற்குப் புள்ளி என்று கூகுளின் ஆவண நடைக் கையேடு சொல்கிறது, நிபந்தனையை முதலில் சொல் என்றும் சொல்கிறது. பிரிட்டன் அரசு இணையதளத்தின் நடை விதிகளில், படிகளுக்கு எண் போடு, ஒவ்வொரு படியும் முழு வாக்கியமாக முடியட்டும் என்று இருக்கிறது. பயன்பாட்டுக் கையேடுகளுக்கென்றே 82079-1 என்று ஒரு சர்வதேசத் தரம் உண்டு, 2012-ல் வந்தது, 2019-ல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது.

பார்வை குறைந்த என் சித்தப்பாவுக்காக இதே பக்கத்தை இணையத்தில் திறந்து திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மூலம் கேட்டோம். முறையாக அமைத்த பட்டியல் என்றால் இத்தனை உருப்படிகள் என்று அது முதலிலேயே சொல்லிவிடும். இங்கே பட்டியலாக அமைக்காமல் வெறும் புள்ளிக் குறியை மட்டும் கையால் தட்டி வைத்திருந்தார்கள், எல்லாம் ஒரே பத்தியாக ஓடியது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இதே கையேட்டில் துவைப்பு முறைகளின் பட்டியல் அருமை. முதலில் துணி வகை, அடுத்து வெப்பம், அடுத்து நேரம், பதினான்கு முறைக்கும் அதே ஒழுங்கு. நாலு வருடத்தில் அதைப் பார்த்து ஒரு துணிகூட வீணாகவில்லை. அதை எழுதத் தெரிந்த ஆள் அங்கே இருக்கிறார், வடிகட்டிப் பக்கத்தை மட்டும் அவரிடம் யாரும் கொடுக்கவில்லை. இதை நினைத்தால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

நண்பரிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "மெஷின் நல்லா இருக்குன்னு இப்பத்தானே சொன்னே?" என்றார். நல்ல மெஷின்தான், வாங்காதே என்றேன். அப்புறம் இரவு, வடிகட்டிக் கதவின் உள்பக்கம் நான் ஒட்டிவைத்திருக்கும் தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். அதில் ஆறு படிகள், எண் போட்டவை, எல்லாம் "-வும்" என்றே முடிபவை. முதல் படி: மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் ஆறும்வரை காத்திருக்கவும்.