அம்மாவின் சேலைகளை முழுதாகக் கையளித்து விடாதீர்கள்

பழைய சேலைகளை வெட்டி ‘குவில்ட்’ எனப்படும் நினைவுப் போர்வை தைத்துத் தருவதாகக் கொழும்பில் விளம்பரம் செய்பவர்களிடம், இறந்துபோன உங்கள் தாயினதோ பாட்டியினதோ சேலைகளைக் கொடுக்க எண்ணியிருந்தால், எனக்கு நேர்ந்ததை ஒருமுறை வாசித்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மா காலமானபோது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அக்காவால் செத்தவீட்டுக்கு வர முடியவில்லை. அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அம்மாவின் பன்னிரண்டு சேலைகளில் இருந்து ஒரு போர்வை செய்து அனுப்பலாம் என்று நானே நினைத்தேன். அவற்றில் எட்டு, அம்மா பாடசாலைக்குக் கட்டிய, வொயில் எனப்படும் மெல்லிய பருத்திச் சேலைகளும் பருத்திக் கைத்தறிச் சேலைகளும். நான்கு பட்டு. அந்த நான்கில் ஒன்று 1963 இல் அம்மா மணவறையில் உடுத்த கூறை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு போரால் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு அந்தக் கூறையையும் ஒரு பையில் வைத்து, மழையில் நனையாமல் மார்போடு அணைத்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் அம்மா. அப்படிப்பட்ட சேலையை நான் கொழும்பில் தொலைத்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த தையலகம் அது. அறுபது அங்குல அகலமும் எண்பது அங்குல நீளமும் கொண்ட போர்வை. பத்து அங்குலச் சதுரங்கள் நாற்பத்தெட்டு. ஒவ்வொரு சேலையில் இருந்தும் நான்கு. உள்ளே பருத்திப் பஞ்சு. நான்கு அங்குலத்துக்கு ஒரு தையல் வரி. இவ்வளவும் வாய்ப்பேச்சில் முடிவாகின. 48,000 ரூபாய் கூலியில் 30,000 ரூபாயை முற்பணமாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் ‘குவில்ட் 1’ என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்னதை மூன்று மாதம் கழித்து, மிகுதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு தந்தார்கள்.

வீட்டில் அதை விரித்தபோது முதலில் கண்டுபிடித்தவர் சின்னம்மா. “அக்கான்ர கூறை இது இல்லைப் பிள்ளை” என்றார். நல்ல காலமாகக் கூறையோடு தைத்த பிளவுஸை நான் அலுமாரியிலேயே வைத்திருந்தேன்; பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நிறம் ஏறக்குறைய ஒத்திருந்தது, நெசவு ஒத்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தோம். உண்மையான பட்டு எரிந்தால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். எங்கள் நூல் மணியாகத்தான் உறைந்தது. மற்ற மூன்று பட்டுச் சேலைகளுக்கு உரிய சதுரங்களும் அப்படியே. வொயிலும் கைத்தறியும் மட்டும் அம்மாவுடையவையாக இருந்தன. பட்டுக்குரிய பதினாறு சதுரங்களும் கடையில் வாங்கிய துணி. ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்ததும் பருத்தி அல்ல. தையல் வரிகள் சதுரங்களின் ஓரங்களில் மட்டும் ஓடின. இடையில் பிடிப்பில்லாத பஞ்சு இரண்டு முறை துவைத்ததும் ஒரு பக்கம் திரண்டுவிடும்.

தையல் மட்டும் மோசமாக இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம்.

நான் முன்னரே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் நீளமும் நாற்பத்தைந்து அங்குல அகலமும் கொண்டது. தையல் விளிம்போடு பத்தரை அங்குலத்தில் வெட்டினாலும் நான்கு சதுரங்கள் சேலையின் அகலத்துக்குள் அருகருகே அடங்கிவிடும். அதாவது, நீளத்தில் 27 சென்ரிமீற்றர் போதும். ஒவ்வொரு சேலையிலும் ஐந்து மீற்றருக்கு மேல் மிஞ்சியிருக்க வேண்டும். பன்னிரண்டு சேலைகளிலும் அறுபது மீற்றருக்கு மேல். அந்த மிச்சம் எங்கே என்று கேட்டபோது, “கழிவுத்துணி, எறிந்துவிட்டோம்” என்று தையலகத்து அம்மையார் பதில் சொன்னார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதப் போவதாகச் சொன்ன பிறகு, எறிந்ததாகச் சொல்லப்பட்ட எட்டுப் பருத்திச் சேலைகளின் மிச்சமும் ஒரு பொலித்தீன் பையில் வந்து சேர்ந்தது. பட்டில் ஒரு துண்டுகூட வரவில்லை. பழைய பட்டின் அசல் சரிகையில் வெள்ளி இருக்கிறது என்பதும், அதற்காகவே அவற்றை விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்கு அதன் பின்னரே விளங்கின.

ஆகவே, சேலையை முழுதாகக் கொடுக்காதீர்கள். வேண்டிய துண்டுகளை நீங்களே வீட்டில் வெட்டிக் கொடுங்கள். வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். மடிப்பில் இற்றுப்போன பட்டாக இருந்தால், பின்புறம் சூட்டில் ஒட்டும் மெல்லிய உட்துணி வைத்துத்தான் தைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சேலைகளை விரித்து, கரையும் தலைப்பும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். எத்தனை துண்டுகள், எந்தத் துணி, எந்தப் பஞ்சு என்பவை பற்றுச்சீட்டில் எழுதப்படாவிட்டால் முற்பணம் கொடுக்க வேண்டாம். என்னிடம் கூறையின் தெளிவான படம் ஒன்றுகூட இல்லை; பன்னிரண்டு சேலைகள் கொடுத்ததற்கான எழுத்தும் இல்லை. முறைப்பாட்டை எழுத அமர்ந்தபோது இந்த இரண்டு குறைகளும்தான் என்னைத் தடுமாற வைத்தன. ஏமாற்றப்பட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டைச் சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுத்திருக்கிறேன்.

அக்காவின் பிறந்தநாள் கடந்துவிட்டது. பொய்த் துணி கலந்த அந்தப் போர்வையை அவருக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இப்போது சின்னம்மாவும் நானும் அந்தப் பதினாறு சதுரங்களையும் பிரித்தெடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் கைத்தையலாகவே திரும்பத் தைக்கிறோம். கூறைக்குரிய இடத்துக்கு, அந்தப் பிளவுஸின் முதுகுப் பகுதியில் இருந்து ஒரு சதுரம் கிடைக்கும்.

பழைய பட்டு வாங்கி விற்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. கரையில் அன்னப்பட்சி வரிசை. தலைப்பின் ஒரு மூலையில் சாம்பிராணித் தணல் பட்ட, மிளகளவான துளை ஒன்று இருக்கும். அது உங்கள் கையில் இருந்தால், கொடுத்த விலையைச் சொல்லுங்கள். வெட்டப்பட்டிருந்தாலும் பரவாயில்லை, நான் வாங்கிக்கொள்கிறேன்.