வெளி ஏர் ஃபில்டரில் இரண்டரை வருடம்: பேப்பரில் குறை இல்லை, ரப்பரில்தான்

"அண்ணா, டாரஸுக்கு வெளி ஃபில்டர் போடலாங்களா? கம்பெனி ஃபில்டர் விலை கட்டுப்படியாகலைங்க" என்று போன வாரம் ஒரு தம்பி போனில் கேட்டார். டாரஸ் என்பது பெரிய லாரி; வெளி ஃபில்டர் என்றால் வண்டிக் கம்பெனி பெயரில் வராத, விலை குறைந்த ஃபில்டர். என் வண்டிக்கு டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) மாற்றி இருபது நாள்கூட ஆகவில்லை. அந்தக் கடுப்பில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டி 2019 மாடல், பி.எஸ்.4 புகை விதிப்படி வந்தது, பத்துச் சக்கர டிப்பர். கரூர் பக்கம் க.பரமத்தியில் கல் உடைக்கும் கிரஷர்களில் ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றி ஈரோடு, திருப்பூர் பக்கம் ஓடுகிறது. லோடுக்கு அரை மணி நேரம் நின்றால் போதும், கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். அதுவும் கருங்கல் தூசி, இரும்பையே அராவும். தார் ரோட்டிலேயே ஓடும் வண்டிக்காரர்களுக்கு இவ்வளவு கவலை தேவையில்லை.

வாரண்டி முடிந்ததும் அவுட்டர் (வெளியே இருக்கும் பெரிய ஃபில்டர்), இன்னர் (அதற்குள் பாதுகாப்புக்கு இருக்கும் சின்ன ஃபில்டர்) இரண்டையும் வெளி ஃபில்டராக மாற்றினேன். விலை ஏறக்குறையப் பாதி. பேப்பரைக் குறை சொன்னால் அது பொய். இருட்டில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன், ஒரு ஊசித் துளி வெளிச்சம்கூட வெளியே வந்ததில்லை. மடிப்புகள் ஒரே சீராக இருக்கும், பசையும் விட்டதில்லை. ஃபில்டர் அடைத்துவிட்டது என்று காட்டும் அடைப்புக் காட்டியில் சிவப்பு விழுவதும் கம்பெனி ஃபில்டருக்கு விழுந்த அதே கிலோமீட்டர் கணக்கில்தான். மைலேஜும் குறையவில்லை. மூன்று செட் இப்படியே ஓடியது. கேட்டவர்களுக்கெல்லாம் தைரியமாக வாங்கச் சொன்னேன்.

நான்காவது செட் போட்டுக் கொஞ்ச நாளில் வண்டி ஏற்றத்தில் திணற ஆரம்பித்தது. கறுப்புப் புகை, ஆயிலும் குறைந்தது. பட்டறையில் ஏர் கிளீனருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ஹோஸைக் கழற்றினார்கள். உள்ளே விரலை விட்டு வழித்தேன். கோதுமை மாவு மாதிரி மெல்லிசாகச் சாம்பல் நிறத் தூசி ஒட்டி வந்தது. அந்த இடத்தில் பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. டர்போ வீல் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றுவது. அதன் இதழ் ஓரங்கள் எலி கொறித்ததுபோல் தேய்ந்து கிடந்தன. வயிறு எரிந்தது.

ஹோஸில் விரிசல் இல்லை, கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. ஃபில்டர் பேப்பரிலும் ஓட்டை இல்லை. கடைசியில் ஃபில்டர் வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் திருப்பிப் பார்த்தால், அதன் உள்முகத்தில் விபூதிக் கீற்றுபோல் ஒரு தூசிக் கோடு குறுக்கே ஓடுகிறது. காற்று பேப்பருக்குள் போகாமல் அந்த வழியாக நழுவியிருக்கிறது. இன்னர் காப்பாற்றியிருக்க வேண்டுமே என்று பார்த்தால், அதுவும் அதே தயாரிப்பு, அதன் ரப்பரிலும் அதே கோடு.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், எங்கள் டிரைவர் அவுட்டரை அடிக்கடி கழற்றிப் பஞ்சர் கடையில் காற்று அடிப்பார். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் ரப்பருக்கு அடிதான். அது தேவையும் இல்லை. மெல்லிசாகத் தூசி படிந்த பேப்பர் புதுசைவிட நன்றாகவே வடிகட்டும். சிவப்பு விழும்வரை தொடாமல் இருப்பதுதான் சரி. இன்னருக்குக் காற்றே அடிக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். இதை டிரைவரிடம் அழுத்திச் சொல்லாதது என் தவறு. ஆனால் அந்த இன்னரை யாரும் கழற்றவே இல்லையே! அதுவும் கசிந்ததை எதில் சேர்ப்பது?

வாங்கிய கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். "பேப்பர் கிழியலைங்களே, அப்புறம் எப்படி ஃபில்டர் தப்புங்க?" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வாய் மூடாத பானைக்குத் துணி கட்டி என்ன பயன்?

வீட்டில் பிரிக்காமல் ஒரு செட் இருந்தது. அதைக் கம்பெனி ஃபில்டரோடு வைத்துப் பார்த்தேன். கம்பெனி ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே மேலே வரும். இது தேய்ந்த செருப்பு மாதிரி விறைப்பாக இருக்கிறது. குழாயில் மாட்டும்போது கம்பெனி ஃபில்டரைத் திருகி அழுத்தி ஏற்ற வேண்டும். இது ஒரு கையால் தள்ளினாலே போய் உட்கார்ந்துவிட்டது. முதல் மூன்று செட் இப்படி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

நல்ல ஃபில்டரா என்று கேட்டால், நல்ல ஃபில்டர்தான். நான்கில் மூன்று செட் சொன்னபடி உழைத்தது. அதில் மிச்சமான பணமும் உண்மை. ஆனால் இனி வாங்க மாட்டேன். இப்போது கம்பெனி ஃபில்டர் போட்டு ஓட்டுகிறேன், இரட்டிப்பு விலை கொடுத்து. அவ்வளவு முடியாதவர்கள், வண்டிக் கம்பெனிகளுக்கே ஃபில்டர் கொடுக்கும் மான் ஹம்மல், ஃப்ளீட்கார்ட் போன்றவர்கள் தங்கள் பெட்டியிலேயே விற்பதை அங்கீகரித்த டீலரிடம் விசாரியுங்கள். போலிப் பெட்டி சுற்றுகிற காலம், பில் இல்லாமல் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் கடையிலேயே ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மாட்டிப் பத்து நாள் கழித்து ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உள்ளே ஒருமுறை துடைத்துப் பாருங்கள்.

பிரித்த அந்தச் செட்டைச் சும்மாவாவது கொடுங்கள் என்று அந்தத் தம்பி கேட்டார். கொடுக்க மனசு வரவில்லை. ரப்பரைக் கத்தியால் அறுத்துவிட்டுப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன்.